நீலகிரி விட்டில்களைக் கணக்கெடுத்த ஹாம்ப்ஸன்

உதகமண்டலத்திற்குத் தென்மேற்கே, எமரால்டுப் பக்கம் செல்லும் வழியில், இத்தலார் என்னும் படகர் சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் தேயிலைச் சரிவுகள். நடுநடுவே காய்கறிப் பாத்திகள். பள்ளங்களில் மிச்சமாய் நிற்கும் சோலைத் துண்டுகள். சிறு குடியானவர்கள் பறித்துக் கொணரும் இலையைப் பக்குவம் செய்யும் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றும் அவ்வூரில் உண்டு. தென்மேற்குப் பருவ மழை இறங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், நிலவில்லாத, காற்றடங்கிய, மேகம் கவிந்த ஓர் இரவில் அப்படிப்பட்ட மலையூரின் விளக்குக் கம்பத்தடியில் அரைமணி நேரம் நின்று பார்த்தவர்கள் நாம் சொல்லப் போவதை எளிதில் விளங்கிக் கொள்வர். முதலில் சாம்பல் நிறத்தில் அற்பமான சில பூச்சிகள் வரும். பிறகு பச்சை, மஞ்சள், செம்மண் நிறம், மரப்பட்டையின் நிறம் என்று நூற்றுக்கணக்கில் வந்து விழும். பொழுது விடிந்ததும் துடைப்பம் வரும். இரவெல்லாம் கூடிய அந்த மகாசபை குப்பையோடு குப்பையாய்ப் போய்விடும்.

இவற்றுக்கு நாம் இட்டிருக்கும் பெயர் விட்டில். இன்னும் சிலர் அந்துப்பூச்சி என்பர். பகலில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிக்கு இவை உடன்பிறப்பு. ஆயினும் பெரும்பாலும் இரவில் சஞ்சரிப்பவை. வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தடித்திருக்கும். விட்டிலின் கொம்போ நூல் போலவோ இறகு போலவோ இருக்கும். இந்தியாவில் வண்ணத்துப்பூச்சிகள் ஏறக்குறைய 1,300 இனம். விட்டில்களோ 10,000 இனத்துக்கு மேல். நம் முன்னோர் பூச்சிகளைக் கவனியாதவர் அல்லர். வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று பூவை நாடும் சிறகினத்தைப் பல பெயரால் அழைத்த மொழி நம்முடையது. ஆனால் விட்டில் விஷயத்தில் மட்டும் நாம் ஒரே பாடத்தோடு நின்றுவிட்டோம். ஆசையால் கெட்டவனுக்கு உவமையாக அது விளக்கில் விழுந்தது. அத்துடன் அதன் சரித்திரம் நமக்கு முடிந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது, புழுவாயிருந்தபோது எந்த இலையைத் தின்றது, அதன் சிறகில் எத்தனை நரம்புகள் என்று கேட்டவர் நம்மிடையே அரிது.

நீலகிரியில் இக்கேள்விகளைக் கேட்டு, விடையை எழுதியும் வைத்துப் போனவர் ஓர் ஆங்கிலேயர். அதிலும் ஒரு தேயிலைத் தோட்டத் துரை. அவருடைய ஜீவிய விருத்தாந்தத்தை இன்று நம் வாசகர்கள் முன் வைக்கிறோம். துரைமார் புகழ் பாடுவது இப்பத்தியின் தொழில் அன்று. ஆனால் நம் மலையைப் பற்றிய ஒரு பெரிய கணக்கு அவர் கையெழுத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் படிக்காமல் தள்ளிவிடுவதால் நஷ்டம் அவருக்கல்ல.

ஜார்ஜ் பிரான்ஸிஸ் ஹாம்ப்ஸன் 1860ஆம் வருஷம் ஜனவரி 13ந் தேதி பிறந்தார். பரம்பரைப் பிரபுப் பட்டம் வகித்த குடும்பம். சார்ட்டர்ஹவுஸ் பள்ளியிலும், ஆக்ஸ்போர்டில் எக்ஸெட்டர் கலாசாலையிலும் பயின்றார். அத்தகைய குடும்பத்து வாலிபர்கள் அந்நாளில் தேடிய வழிகள் சிலவே: ராணுவம், பாதிரி உத்தியோகம், இந்தியாவில் அதிகாரம், அல்லது குடியேற்ற நாடுகளில் தோட்டம். ஹாம்ப்ஸன் கடைசி வழியைப் பிடித்தார். சென்னை மாகாணத்தின் நீலகிரி மலைக்குத் தேயிலை பயிரிட வந்து சேர்ந்தார்.

அக்காலத்து நீலகிரியை நாம் மனத்தில் கொண்டுவர வேண்டும். கோயமுத்தூர்க் கலெக்டர் ஸல்லிவன் 1819ல் மலையேறி வந்து ஏறக்குறைய எழுபது வருஷங்கள் ஆகியிருந்தன. மேட்டுப்பாளையம் வரைக்கும் 1873லேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் மலை ரயில் குன்னூரை எட்டியது 1899ல், உதகையை எட்டியது 1908ல். ஆகவே ஹாம்ப்ஸன் காலத்தில் மலைக்குப் போவோர் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, குதிரை வண்டியிலோ மாட்டு வண்டியிலோ கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏற வேண்டியதுதான். ஒரு வழியில் சோலைகள் விழுந்துகொண்டிருந்தன. மற்றொரு வழியில் தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. சமவெளியிலிருந்து வந்த கூலி ஜனங்கள் அந்த இரண்டையும் செய்துகொண்டிருந்தார்கள். புல்வெளிகளில் கற்பூர மரமும் சீகை மரமும் நடப்பட்டு வந்தன.

இந்த மலைக்கு ஒரு விசேஷம் உண்டு. பூச்சி பார்ப்பவனுக்கு அது பெரும் பாக்கியம். மேட்டுப்பாளையத்தில் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,000 அடி. தொட்டபெட்டா சிகரத்தில் 8,652 அடி. ஒரு நாள் பிரயாணத்தில் புழுக்கமான புதர்க்காட்டிலிருந்து உறைபனி விழும் புல்வெளிக்கு வந்துவிடலாம். மேற்குச் சரிவில் பேய் மழை; வடக்கே மைசூர்ப் பக்கம் திரும்பினால் வறட்சி. ஒவ்வொரு சரிவுக்கும், ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் வெவ்வேறு பூச்சி ஜாதிகள். கீழ்க் காடுகளில் ஒரு சாண் அகலத்துக்குச் சிறகு விரிக்கும் அட்லாஸ் விட்டில் உண்டு. அதன் சிறகு நுனி பாம்புத் தலை போலிருக்கும். வெளிர் பச்சை நிறத்தில் நீண்ட வாலோடு பறக்கும் சந்திர விட்டில் உண்டு. இவ்விரண்டுக்கும் வளர்ந்தபின் உண்ணும் வாயே கிடையாது. புழுவாயிருந்தபோது தின்றதைக் கொண்டு சில நாட்கள் உயிர் வாழ்ந்து, முட்டையிட்டு மடிகின்றன. முதுகில் மண்டையோட்டைப் போன்ற குறியுடைய வேறொரு விட்டிலோ இரவில் தேன்கூட்டினுள் நுழைந்து தேனைத் திருடும். பிடித்தால் கீச்சென்று சத்தமிடும். உச்சிப் புல்வெளியில் பறக்கும் நீலகிரி மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் நெருங்கிய சுற்றத்தார் இமயமலையில் வாழ்கின்றன. ஆதிகாலத்தில் குளிர் பரவியிருந்தபோது இரண்டு மலைகளுக்கும் இருந்த தொடர்பை அந்தச் சிறு பூச்சி இன்றும் தன் உடம்பில் தாங்கி நிற்கிறது. தேசத்தின் வடகோடியும் தென்கோடியும் ஒன்று என்பதற்கு நாம் மேடையில் எத்தனையோ சான்றுகள் தேடுகிறோம். புல்லின் மேல் பறப்பதை யாரும் சேர்த்துக் கொள்வதில்லை.

இத்தகைய இடத்தில் ஹாம்ப்ஸனுக்கு வண்ணத்துப்பூச்சியிலும் விட்டிலிலும் மோகம் பிறந்தது. தோட்டத் துரைகளில் மற்றவர்கள் வேட்டைக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் கிளப்புக்கும் போனார்கள். இவர் வலையையும் விளக்கையும் எடுத்தார். பூச்சி சேகரிப்பது சிறு பிள்ளை விளையாட்டென்று எண்ணுவோர் அந்த வேலையின் சிரமத்தை அறியார். பிடித்த பூச்சியைச் சிறகுப் பொடி உதிராமல் விஷப் புட்டியில் போட வேண்டும். உடல் விறைக்குமுன் ஊசியில் குத்தி, பள்ளம் வெட்டிய பலகையில் சிறகுகளை விரித்து, காகிதப் பட்டையால் அழுத்தி நாட்கணக்கில் காய வைக்க வேண்டும். மலை மழைக் காலத்தில் எதுவும் காயாது, பூஞ்சணம் பூக்கும். எறும்பு ஒரே இரவில் ஒரு வருஷ உழைப்பைத் தூக்கிக்கொண்டு போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த இடம், எந்த உயரம், எந்த மாதம் என்று எழுதிய சீட்டு ஒவ்வொரு ஊசியிலும் இருக்க வேண்டும். சீட்டில்லாத பூச்சி அழகான குப்பை, அவ்வளவுதான்.

இந்தச் சீட்டு விஷயத்தில்தான் ஹாம்ப்ஸனின் தொண்டு நமக்கு முக்கியமாகிறது. 1880களின் கடைசியில் வங்காள ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் நீலகிரி ஜில்லாவின் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி அவர் ஒரு ஜாபிதா வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது முப்பது நிரம்பவில்லை. பிறகு தாய்நாடு திரும்பி, லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தின் இயற்கைப் பொருட்சாலையில் சம்பளமில்லாத ஊழியராகப் போய் அமர்ந்தார். அங்கிருந்து 1891ல் நீலகிரி ஜில்லாவின் விட்டில்களைப் பற்றிய நூல் வர்ணப் படங்களுடன் வந்தது. ஒரு மலையின் ஒரு பக்கத்துச் சரிவில் கண்டதையும் மறுபக்கத்தில் கண்டதையும் பிரித்துச் சொல்லும் பழக்கம் அவருக்கு இருந்தது. நம் மாகாணத்தில் ஒரு தனி ஜில்லாவின் விட்டில்களுக்கென்று அத்தனை விரிவான புத்தகம் அதற்கு முன் ஏற்பட்டதில்லை. 1893ல் இலங்கை விட்டில்களைப் பற்றியும் அதே வரிசையில் ஒரு நூல் எழுதினார். அவ்வருஷமே ஜூன் மாதம் விவாகமும் ஆயிற்று. பின்பு மூன்று குழந்தைகள் பிறந்தனர். வீட்டு வாழ்க்கையைப் பற்றி இதற்குமேல் நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இதற்கிடையே இன்னும் பெரிய வேலை வந்து சேர்ந்தது. இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் ஜந்துக்களை வகைப்படுத்தி எழுத அன்றைய ஆட்சியார் ஒரு நூல் வரிசையை ஏற்படுத்தி, இந்தியாவில் நெடுநாள் மண்ணியல் ஆராய்ச்சி செய்த பிளான்போர்டைப் பதிப்பாசிரியராக்கினர். விட்டில்களை எழுதும் பொறுப்பு ஹாம்ப்ஸனிடம் வந்தது. 1892 முதல் 1896 வரை நான்கு பாகங்கள் வெளிவந்தன. ஆயிரக்கணக்கான இனங்கள், ஒவ்வொன்றுக்கும் நிறம், அளவு, இருப்பிடம், அடையாளம் கண்டுபிடிப்பதற்குச் சாவி போன்ற அட்டவணைகள். 1895 மார்ச்சில்தான் மியூஸியத்தின் அதிகாரி குந்தர் அவருக்கு உதவியாளர் பதவி கொடுத்தார். அதாவது, பெரும்பகுதி வேலை முடிந்த பிறகே உத்தியோகம் வந்தது. 1896ல் குடும்பப் பட்டம் அவரை அடைந்து, பத்தாவது பாரனெட் ஸர் ஜார்ஜ் ஹாம்ப்ஸன் ஆனார். பட்டம் வந்த பின்னும் மனிதர் ஊசியையும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் விட்டெழவில்லை. 1901ல் தற்காலிக உதவிப் பாதுகாவலராக உயர்த்தப்பட்டார்.

அவர் கையாண்ட முறையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். விட்டிலின் நிறத்தை நம்பினால் மோசம் போவோம். ஒரே இனத்தில் ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம். மழைக்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. சிறகின் மேல் ஓட்டோடுபோல் அடுக்கியிருக்கும் பொடியை நீக்கினால் அடியில் நரம்புகள் தெரியும். அவை ஓர் இலையின் நரம்புகளைப் போல ஒழுங்காக ஓடும். எந்த நரம்பு எதிலிருந்து கிளைக்கிறது, எது எதோடு சேருகிறது என்பது நிறத்தைப்போல் எளிதில் மாறுவதில்லை. இந்த நரம்பமைப்பைக் கொண்டே ஹாம்ப்ஸன் தம் வகுப்புகளைக் கட்டினார். குழம்பிக் கிடந்த ஒரு பெருங்கூட்டத்துக்கு வீட்டிலக்கம் போட்டது போலாயிற்று. ஆனால் அதையே அளவுக்கு மீறி நம்பினார் என்பதும் உண்மை. பிற்காலத்தவர் பூச்சியின் இனப்பெருக்க உறுப்புகளையும் ஆராயத் தொடங்கியபோது, அவர் ஒன்றாய்க் கட்டிய பல குடும்பங்கள் பிரிந்தன. பிரித்தவை சில ஒன்றாயின. அவர் வைத்த பெயர்கள் பல இன்றும் நிற்கின்றன. அவர் கட்டிய அறைகளில் பல இடிபட்டன.

மற்றொரு குறையையும் நாம் மறைக்கலாகாது. லண்டனில் உட்கார்ந்த பிறகு அவர் பார்த்தது செத்த பூச்சியை. உயிருள்ள பூச்சியின் நடத்தையை அவருடைய பாகங்களில் தேடுவோருக்குச் சொற்பமே கிடைக்கும். பர்மா முதலிய நாடுகளில் மாடு மான்களின் கண்ணீரைக் குடித்து வாழும் ஒரு விட்டில் உண்டு. அதற்கு 1895ல் பெயரிட்டு வர்ணித்தவர் ஹாம்ப்ஸன்தான். ஆனால் பெட்டியில் ஊசி குத்திய உடலைப் பார்ப்பவனுக்கு, அது கண்ணீர் குடிக்கும் பிராணி என்பது எப்படித் தெரியும்? காட்டில் இரவெல்லாம் மாட்டின் அருகே உட்கார்ந்திருந்தவர்களே அதைப் பின்னால் கண்டார்கள். பெயரிடுவது வேறு, அறிவது வேறு.

1898ல் அவர் தொடங்கிய கடைசி வேலை உலகத்து விட்டில்கள் அனைத்துக்கும் ஒரு பட்டியல். மியூஸியத்திலுள்ளவற்றை அடிப்படையாகக் கொண்டு 1920 வரை 15 பாகங்கள் வந்தன. இருபத்திரண்டு வருஷங்கள், நடுவில் ஒரு மகாயுத்தம். அப்படியும் வேலை முடியவில்லை. சில குடும்பங்களையே அத்தனை பாகங்களும் விழுங்கிவிட்டன. எத்தனையோ குடும்பங்கள் தொடப்படாமலே நின்றன. 1936 அக்டோபர் 15ந் தேதி ஸர் ஜார்ஜ் காலமானார். வயது எழுபத்தாறு.

இனி நம் அபிப்பிராயத்தைச் சொல்லுவோம். நண்பர்களிடையே இத்தகைய மனிதரைப் பற்றி இரண்டு விதப் பேச்சைக் கேட்கிறோம். மலையைப் பறித்தவர்கள் மலையின் பூச்சியையும் பறித்துக் கப்பலேற்றினார்கள், இதில் புகழ என்ன இருக்கிறது என்பது ஒன்று. வெள்ளையர் வந்திராவிட்டால் நமக்கு ஒரு சாஸ்திரமும் தெரிந்திராது என்பது மற்றொன்று. முதலாவதில் பாதி உண்மை உண்டு. சோலையை வெட்டித் தேயிலை நட்ட வர்க்கத்தில் ஹாம்ப்ஸனும் ஒருவர். அவர் தேடிய பூச்சிகளின் வீட்டை அந்த வர்க்கத்தின் கோடரியே இடித்தது. அவர் விவரித்த மூல மாதிரிகள் லண்டன் பெட்டிகளில் இருந்தன. ஒரு பெயரைச் சந்தேகமறத் தீர்க்க விரும்பிய இந்திய மாணாக்கன் கடல் கடக்க வேண்டியிருந்தது. வலையேந்தி ஓடிய உள்ளூர்ப் பையன்களின் பெயரை எழுதும் வழக்கமும் அக்காலத்துச் சீட்டுகளில் இல்லை. தேனடைக்காகக் கொடியில் தொங்கிப் பாறையில் இறங்கும் குறும்பர், தேனீயின் வருகையையும் பூவின் காலத்தையும் அறிந்த அளவு எந்தத் துரையும் அறிந்திருக்க முடியாது. அந்த அறிவு எந்தப் பாகத்திலும் அச்சேறவில்லை.

இரண்டாவது பேச்சு அடிமைப் புத்தி. அதற்கு விடை சொல்லி நேரம் போக்க மாட்டோம். ஆயினும் முதலாவதைச் சொல்லுகிறவர்களை ஒன்று கேட்கிறோம். நம் பயிரைத் தின்னும் புழுக்களில் பெரும்பாலானவை விட்டிலின் பிள்ளைகள். நெல் தண்டைத் துளைப்பதும், கத்தரிக்காயைக் குடைவதும், பருத்திக் காயைக் கெடுப்பதும், தென்னை ஓலையைச் சுரண்டுவதும் அவையே. இந்தப் புழு எந்த விட்டிலின் குழந்தை என்று தெரியாமல் அதற்குப் பரிகாரம் தேட முடியாது. நம் நாட்டில் வேளாண்மைப் பூச்சியியல் வளர்ந்தபோது, அந்த அடையாளத்துக்குக் கைவிளக்காயிருந்தவற்றில் ஹாம்ப்ஸனின் நான்கு பாகங்களும் சேர்ந்தவை. 1940ல் தென்னிந்தியப் பயிர்ப்பூச்சிகளைப் பற்றிக் கைப்புத்தகம் எழுதிய டி. வி. ராமகிருஷ்ண ஐயர் போன்ற நம்மவர்கள், அந்நியர் போட்ட அஸ்திவாரம் என்று அதை உதறிவிடவில்லை. அதன்மேல் தங்கள் வயல் அனுபவத்தைக் கட்டினார்கள்.

இன்னொன்று. ஹாம்ப்ஸன் எழுதி வைத்ததனால்தான் நீலகிரியில் எது இருந்தது என்று இன்று கேட்கவாவது முடிகிறது. அவருக்குப் பின் வின்டர்-பிளைத் 1940களில் அதே மலையின் வண்ணத்துப்பூச்சிகளை மீண்டும் கணக்கெடுத்தார். 1980களில் டென்மார்க் தேசத்து டார்பென் லார்ஸன் வந்து மூன்றாம் முறை பார்த்து எழுதினார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டில் மூன்று கணக்குகள். சோலை சுருங்கியது, தேயிலை பெருகியது, அணைகள் வந்தன, வயலில் நஞ்சு தெளிக்கப்பட்டது; இவ்வளவுக்கும் நடுவே எது நிலைத்தது, எது அருகியது என்று ஒப்பிட நீலகிரிக்கு ஆதாரம் உண்டு. நம் மற்ற மலைகளில் எத்தனைக்கு இந்தப் பாக்கியம்? ஆனால் இம்மூன்று கணக்கையும் எழுதியவர்கள் மூவரும் வெளிநாட்டார். மூன்றும் ஆங்கிலத்தில் உள்ளன. அதுவும் லார்ஸனும் வின்டர்-பிளைத்தும் பார்த்தவை பகலில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளை. விட்டிலுக்கு அத்தகைய மறுகணக்கு அமைவது அதனினும் கடினம். இரவில் விழித்திருக்க ஆள் வேண்டுமே!

தமிழக அரசினர் 2019ல் தமிழ் மறவன் என்னும் வண்ணத்துப்பூச்சியை மாநிலத்துக்குரிய சின்னமாக அறிவித்தனர். ஆர்வமுள்ள இளைஞர்கள் வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தமிழ்ப் பெயர்களும் தேடித் தருகிறார்கள். நமக்கு மிகுந்த சந்தோஷம். விட்டில்களின் வரிசை இன்னும் காத்திருக்கிறது. பெயரில்லாததைப் பற்றிப் பேசவோ, அது காணாமற் போனால் வருந்தவோ ஜனங்களால் முடியாது.

வேலைக்கு மூலதனமும் அதிகமில்லை. ஹாம்ப்ஸனைப் போலக் கொன்று ஊசியில் குத்த வேண்டிய அவசியமும் இப்போது பெரும்பாலும் இல்லை. நல்ல புகைப்படம் அநேக இனங்களுக்குப் போதும். இரண்டு கழிகளுக்கு நடுவே கட்டிய ஒரு வெள்ளை வேட்டி, அதன் எதிரே ஒரு விளக்கு, தேதியும் இடமும் உயரமும் எழுத ஒரு நோட்டுப் புத்தகம். சித்திரைக் கடைசியிலும் வைகாசியிலும் மேகம் கவிந்த இரவுகள் உத்தமம். இத்தலார் போன்ற ஊரில் சோலை ஓரமாக ஓரிடத்திலும், தேயிலைக்கு நடுவே ஓரிடத்திலும் ஒரே இரவில் கட்டிப் பார்த்தால், எந்த வேட்டியில் எத்தனை இனம் வந்து அமர்ந்தன என்று விடியுமுன் எண்ணிவிடலாம். நோட்டில் அதைத் தமிழிலேயே எழுதலாம்.